செராவி கிரீம்: செரமைடுக்காக வாங்க வேண்டாம், வாங்க வேறு காரணம் இருக்கிறது

பெரிய மருந்துக்கடைகளில் இப்போது கண்ணுக்கு நேரான தட்டில் உட்கார்ந்திருப்பது செராவி மாய்ஸ்சரைசிங் கிரீம். அமெரிக்காவில் 2005இல் வந்த பிராண்டு. 2017இல் லோரியால் இதையும் இன்னும் இரண்டு பிராண்டுகளையும் சேர்த்து வேலியன்ட் நிறுவனத்திடமிருந்து 130 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தியாவில் முறைப்படி விற்பனை தொடங்கியது 2023இல். டப்பாவின் முகப்பில் எழுதியிருப்பது மூன்று அத்தியாவசிய செரமைடுகள், அதாவது தோலில் இயல்பாகவே இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு. எல்லோரும் இப்போது ‘ஸ்கின் பேரியர்’ என்று சொல்கிறார்களே, தோலின் அந்த ஈர அரண் இதைத் தடவினால் சரியாகிவிடும் என்பது விற்பனைப் பேச்சு.

நல்ல கிரீம்தான். ஆனால் அது வேலை செய்யும் விதத்துக்கும் முகப்பில் எழுதியிருப்பதற்கும் உள்ள உறவு கொஞ்சம் தூரத்து உறவு.

டப்பாவைப் பின்பக்கம் திருப்பினால் தெரியும். சேர்மானப் பட்டியலில் முதலில் நீர். அடுத்து கிளிசரின். பிறகு வரிசையாக செட்டியரில் ஆல்கஹால், காப்ரிலிக்/காப்ரிக் ட்ரைகிளிசரைடு, செட்டில் ஆல்கஹால், செட்டியரெத்-20, பெட்ரோலேட்டம், பொட்டாசியம் பாஸ்பேட். இத்தனையும் தாண்டித்தான் செரமைடு என்.பி., ஏ.பி., ஈ.ஓ.பி. ஆகிய மூன்றும் வருகின்றன. கொலஸ்ட்ரால் இன்னும் கீழே. அழகுப்பொருள் பட்டியல் எழுதும் விதி இதுதான்: அதிகமாக இருப்பது முதலில், குறைவானது பின்னால். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். பொட்டாசியம் பாஸ்பேட் அமிலத்தன்மையைச் சரிக்கட்டப் போடும் சிட்டிகைச் சமாச்சாரம். அதற்குப் பின்னால் நிற்பவை பெரும்பாலும் அந்தச் சிட்டிகைக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

‘ஆல்கஹால்’ என்று இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். செட்டியரில், செட்டில் இரண்டும் மெழுகு மாதிரியான கொழுப்பு ஆல்கஹால்கள். கிரீமைக் கெட்டியாக்கும், தோலை மென்மையாக்கும். தோலை உலர்த்துவது பட்டியலில் வெறும் ‘ஆல்கஹால்’, ‘ஆல்கஹால் டினாட்’ என்று எழுதியிருக்கும் ஸ்பிரிட் வகை. அது இதில் இல்லை.

ஆக, இந்த டப்பாவில் சுமை தூக்குபவர்கள் கிளிசரினும் பெட்ரோலேட்டமும். கிளிசரின் நீரைப் பிடித்து வைக்கும். பெட்ரோலேட்டம், அதாவது நம் வீட்டு வாஸ்லின், அந்த நீர் ஆவியாகிப் போகாமல் மேலே மூடி போடும். நடுவில் உள்ள கொழுப்பு ஆல்கஹால்களும் எண்ணெயும் செதில்களின் இடுக்கை நிரப்பித் தொடுவதற்கு வழவழப்பாக்கும். மூன்று வேலையும் ஒரே பூச்சில் நடக்கிறது. வாசனை சேர்க்கவில்லை. இவைதான் இதை வாங்கச் சரியான காரணங்கள்.

செரமைடு அப்படியானால் ஏமாற்றா என்றால், அதுவும் இல்லை. அரண் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும்.

மேல்தோலின் கடைசி அடுக்கில் இறந்து தட்டையான செல்கள் 15 முதல் 20 வரிசை அடுக்கியிருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலை விட்டுவிட்டால் மொத்தத் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்பு சாந்து என்ற விளக்கத்தைத் தோலியலில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க மருத்துவர் பீட்டர் இலையஸ். செங்கலுக்குள் அமினோ அமிலங்களும் யூரியாவும் லாக்டேட்டும் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அமினோ அமிலங்களில் பெரும்பகுதி ஃபிலாக்ரின் என்ற புரதம் உடைவதால் கிடைப்பது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் கோளாறு இருந்தால் பிறவியிலேயே வறண்ட, எளிதில் கரப்பான் (எக்சிமா) வரும் தோல் அமையும் என்பது 2006இல் உறுதியானது. சாந்தின் எடையில் ஏறக்குறையப் பாதி செரமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், 10 முதல் 15 சதவீதம் கொழுப்பு அமிலங்கள்.

இந்தச் சாந்தை மேலிருந்து யாரும் பூசுவதில்லை. அடியில் உயிரோடிருக்கும் செல்கள் குழைத்து மேலே தள்ளுகின்றன. அரணில் ஓட்டை விழுந்தால் சில நிமிடங்களிலேயே சேமிப்பில் இருப்பதை வெளியே கொட்டும். அடுத்த சில மணி நேரத்தில் புதிதாகச் செய்யத் தொடங்கும். ஆரோக்கியமான இளம் தோல் மூன்று நாளில் ஏறக்குறைய முழுதாக மீண்டுவிடும். எண்பது வயதுத் தோலுக்கு இதைவிட வெகுநாள் பிடிக்கும். கொத்தனார் உள்ளேதான் இருக்கிறார். வெளியிலிருந்து தடவும் கிரீம் அவர் வேலை முடியும்வரை மேலே கட்டும் தார்ப்பாய்.

வெளியிலிருந்து சாந்து கொடுத்தால் எடுத்துக்கொள்ளாதா என்று எலித்தோலில் சோதித்தவர்களும் இலையஸின் குழுவினர்தான். 1990களில் வந்த அந்த முடிவுகள் சுவையானவை. மூன்று கொழுப்பையும் சம மூலக்கூறு விகிதத்தில் கொடுத்தால் தோல் வழக்கமான வேகத்தில் மீள்கிறது. விகிதத்தை மூன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினால் வேகம் கூடுகிறது. ஒன்றை மட்டுமோ இரண்டை மட்டுமோ கொடுத்தால் மீட்சி தாமதமாகிறது! இப்போது செராவி பட்டியலுக்குத் திரும்புங்கள். செரமைடு உண்டு, கொலஸ்ட்ரால் உண்டு, மூன்றாவதான கொழுப்பு அமிலம் தனியாக இல்லை. இதனால் கிரீம் கெடுதல் என்று முடிவு கட்ட வேண்டாம். இருக்கும் அளவே சிட்டிகை, கூடவே பெட்ரோலேட்டம் வேறு இருக்கிறது. ஆனால் ‘அரணைக் கட்டும் கொழுப்பு’ என்ற பேச்சு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது தெரிகிறது.

இன்னொரு ஒப்பீடு. செரமைடு தூக்கலாக, மூன்று கொழுப்பும் கணக்கு வைத்துச் சேர்த்த எபிசெராம் என்ற கிரீம் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கிறது. அதையும் இன்னொரு சீட்டுக் கிரீமையும், சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பெட்ரோலேட்டம் களிம்பு ஒன்றோடு, கரப்பான் உள்ள 39 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். மூன்றுக்கும் பலனில் வேறுபாடில்லை. விலையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் லோஷன், கிரீம், ஜெல், களிம்பு என்று நான்கு வகையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2022இல் வந்தது. அதிலும் எந்த வகையும் மற்றதை முந்தவில்லை. ஒரு குடும்பம் எதை விடாமல் தடவுகிறதோ அதுவே அந்தக் குடும்பத்துக்கு நல்லது.

சரி, தொட்டால் எப்படி இருக்கிறது? திறந்ததும் கெட்டித் தயிர் போல நிற்கும் வெள்ளைக் கிரீம். டப்பாவைச் சாய்த்தால் வழியாது. புறங்கையில் ஒரு பட்டாணி அளவு வைத்துத் தேய்த்தால் முதல் அரை நிமிடம் வெள்ளைக் கோடுகள் தெரியும், பிறகு மறையும். ஐந்து நிமிடம் கழித்து விரலால் தொட்டால் லேசான பிசுக்கு மிச்சமிருக்கும்; எண்ணெய்ப் பளபளப்பு இருக்காது. வாஸ்லினை வெறுப்பவர்களும் இதைத் தடவுவார்கள். அந்தத் தகுதியைச் சின்னதாக நினைக்கக் கூடாது.

குறை இரண்டு. முதலாவது, முகத்தில் தடவி உடனே மேலே சன்ஸ்கிரீன் போட்டால் திரிதிரியாக உருண்டு வரும். கிரீமில் உள்ள கார்போமர், டைமெதிக்கோன் போன்றவை ஏற்படுத்தும் மெல்லிய படலம் காயுமுன்னே தேய்ப்பதால் வருவது அது. அளவைக் குறைத்து, பத்து நிமிடம் விட்டு, சன்ஸ்கிரீனைத் தேய்க்காமல் உள்ளங்கையால் ஒற்றி ஒற்றிப் பூசினால் பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டாவது, சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரி ஊர்களில் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் பகலில் இது முகத்துக்குக் கனம். அங்கே இரவு மட்டும் கிரீம், பகலில் இதே பிராண்டின் லோஷனோ வேறு லேசான லோஷனோ போதும். பகல் முழுக்க ஏசியில் உட்காருபவர்களுக்கு இந்த இரண்டாவது குறை பொருந்தாது. ஏசி அறையின் காற்று நீரை உறிஞ்சும், தோல் வெளியில் வெயிலில் நிற்பதைவிட அங்கேதான் வறளும். டொரொன்டோவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கிரீமே போதாமல் போகலாம். இதன் மேல் வாஸ்லினை மெல்லிசாக ஒரு பூச்சு பூச வேண்டியிருக்கும்.

எம்.வி.இ. தொழில்நுட்பம் என்று டப்பாவில் ஒரு வரி இருக்கும். வெங்காயம் போல அடுக்கடுக்கான நுண் உருண்டைகளுக்குள் சேர்மானங்களை வைத்து மெல்ல மெல்ல வெளிவிடும் ஏற்பாடு. 24 மணி நேர ஈரம் என்பது அதை வைத்துச் சொல்வது. நடுவில் இரண்டு முறை முகம் கழுவி, ஒரு முறை வியர்த்துத் துடைத்தால் அந்த 24 மணி நேரம் துண்டோடு போய்விடும். காலை ஒன்று, இரவு ஒன்று என்று வைத்துக்கொள்வதே நடைமுறை.

இந்த விமர்சனத்தின் முக்கியமான பகுதி இனிமேல்தான்: அளவு. மாய்ஸ்சரைசர் ‘ஒத்துக்கவே இல்லை’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் போதுமான அளவு தடவியிருக்க மாட்டார்கள். தோல் மருத்துவர்கள் விரல்நுனி அளவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ட்யூபிலிருந்து பிதுக்கி, ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை ஒரு கோடு போட்டால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். முகமும் கழுத்தும் சேர்த்து இரண்டரை விரல்நுனி. ஒரு கைக்கு மூன்று, மணிக்கட்டுக்குக் கீழே இன்னும் ஒன்று. ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு. நெஞ்சும் வயிறும் ஏழு, முதுகும் பின்புறமும் ஏழு.

கூட்டினால் வளர்ந்தவருக்கு உடல் முழுக்க ஒரு முறைக்கு 40 விரல்நுனி, அதாவது 20 கிராம். 340 கிராம் டப்பாவைத் தினமும் ஒரு வேளை உடல் முழுக்கத் தடவினால் 17 நாளில் தீரும். இரண்டு வேளை என்றால் ஒன்பதாம் நாள் கடைக்குப் போக வேண்டும். அதே டப்பா முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் என்றால், வேளைக்கு ஒன்றே கால் கிராம் வீதம், இரண்டு வேளைக் கணக்கில் நாலரை மாதம் வரும். டப்பாவில் கோடு போட முடியாது என்பதால் ஸ்பூன் கணக்கு: முகம் கழுத்துக்குக் கால் டீஸ்பூன், ஒரு காலுக்குப் பாதத்தோடு சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குச் சற்றே குறைவு.

இதைப் போட்டுப் பார்த்தால் எங்கே செலவு செய்யலாம், எங்கே கூடாது என்பது தானே விளங்கும். முகத்துக்குச் செராவி வாங்குங்கள். கை கால் முதுகுக்கு இதை வாங்கிச் சிக்கனமாகத் தொட்டுத் தொட்டு வைப்பதைவிட, மலிவான ஒன்றைத் தாராளமாகத் தடவுவது நல்லது.

மலிவானவற்றில் வாஸ்லினை மிஞ்ச ஆளில்லை. ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் காப்புரிமை வாங்கிய அதே பொருள்தான் இன்றும். தோல் வழியாக நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதற்கு ஈடாக எந்த எண்ணெயும் இல்லை. மேலே பிளாஸ்டிக் மாதிரி மூடிவிடும், தோலைச் சுவாசிக்க விடாது என்று சொல்வதில் உண்மையில்லை. செல்களின் இடுக்கில் அது இறங்குகிறது, அடியில் அரண் மீள்வதையும் தடுப்பதில்லை என்பதை 1992இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் வாஸ்லினில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. காய்ந்த தோலில் தடவினால் காய்ந்ததைத்தான் மூடும். குளித்துத் துண்டால் ஒற்றிவிட்டு, உடம்பில் ஈரம் லேசாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்து மெல்லிசாகப் பூச வேண்டும். வியர்க்கும் மாதங்களில் முதுகிலும் நெஞ்சிலும் தடவினால் வேர்க்குருவும் முடிக்கால் கொப்புளமும் வரும். முடி வளரும் திசையில் தடவினால் கொப்புளம் குறையும்.

மருந்துக்கடையில் லைட் லிக்விட் பாரஃபின், ஒயிட் சாஃப்ட் பாரஃபின் என்று சேர்மானம் எழுதிய உள்ளூர் கிரீம்கள் நிறைய உண்டு. அழகான டப்பா கிடையாது. கை காலுக்கு நாங்கள் முதலில் சொல்வது இவற்றைத்தான். வாங்கும்போது வாசனை சேர்த்ததா என்று மட்டும் பாருங்கள். பாரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பற்றும். தாராளமாகத் தடவுபவர்கள் அதே நைட்டியோடு அடுப்படியில் நிற்பதும் விளக்கேற்றுவதும் ஆபத்து.

நிவியாவின் நீல டப்பா 1911இலிருந்து வருகிறது. எண்ணெய்க்குள் நீர் என்ற வகை என்பதால் செராவியைவிட நன்றாக மூடும். வாசனையும் லானோலின் ஆல்கஹாலும் இருப்பதால் ஏற்கெனவே எரியும் முகத்துக்கு வேண்டாம், முழங்கை குதிகாலுக்குப் பிரமாதம். செட்டாஃபில் லோஷன் புழுக்கமான ஊருக்கு ஏற்றது. செட்டாஃபிலின் கெட்டி கிரீமில் பாதாம் எண்ணெய் உண்டு என்பதைக் கொட்டை அலர்ஜி உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நம் ஊரில் முடியாது. வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் பிலிப்பைன்ஸில் செய்த சோதனையில் வெர்ஜின் தேங்காய் எண்ணெய், மினரல் ஆயிலுக்கு நிகராக வேலை செய்தது. 2004இல் வந்த முடிவு அது. கை காலுக்குக் குளித்த ஈரத்தோடு தடவத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பரு வரும் முகம், பொடுகு, மூக்கோரத்தில் மஞ்சள் செதில் உள்ளவர்கள் முகத்தில் வைக்க வேண்டாம், கூடும். நல்ல எண்ணெயா கெட்ட எண்ணெயா என்பது பெரும்பாலும் கொழுப்பு அமிலக் கணக்கு. ஒலியிக் அமிலம் தூக்கலாக இருந்தால் சாந்தைக் கலைக்கும், லினோலியிக் தூக்கலாக இருந்தால் துணை நிற்கும். ஆலிவ் எண்ணெய் முதல் வகை. வளர்ந்தவர்களின் தோலிலேயே அரணைச் சேதப்படுத்துவதாக 2013இல் பிரிட்டனில் அளந்து காட்டினார்கள். அதே சோதனையில் சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. நகரங்களில் பச்சைக் குழந்தைக்கு விலையுயர்ந்த ஆலிவ் எண்ணெய் தேய்ப்பது ஒரு மோஸ்தராகிவிட்டது. பாட்டி தேய்த்த தேங்காய் எண்ணெயே மேல். எதைத் தேய்த்தாலும் நல்ல தோலோடு பிறந்த குழந்தைக்குக் கரப்பான் வராமல் தடுக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பிரிட்டனில் 1,394 சிசுக்களிடம் ஒரு வருடம் தினமும் தடவிப் பார்த்து, தடுக்கவில்லை என்று 2020இல் அறிவித்தார்கள்.

வெறும் கிளிசரினை அப்படியே தடவக் கூடாது. பிசுபிசுக்கும், வறண்ட காற்றில் தோலின் அடியிலிருந்தே நீரை இழுக்கும். பன்னீர் ஒன்பது பங்குக்குக் கிளிசரின் ஒரு பங்கு கலந்து, மேலே ஏதாவதொரு மூடி, வாஸ்லினோ எண்ணெயோ, போட்டால் சரி. கடையில் வாங்கும் பன்னீரில் வாசனை எசன்ஸ் இருந்தால் கொதித்து ஆறிய தண்ணீரே போதும். ஆனால் அந்தக் கலவையில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

கிரீமைப் பற்றி இவ்வளவு பேசினாலும், அரணை உடைப்பது பெரும்பாலும் குளியலறையில் நடக்கிறது. தோலின் பி.எச். ஐந்தை ஒட்டி இருக்கும். குளிக்கும் சோப்பு 9 முதல் 10. சாந்து தயாரிக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் வேலை செய்யும். செல்களைப் பிணைக்கும் ஆணிகளைக் கழற்றும் நொதிகளுக்குக் காரம் பிடிக்கும். காரச் சோப்பு போட்டதும் கட்டுபவர் கைகட்டி நிற்கிறார், இடிப்பவர் வேகமெடுக்கிறார். இதோடு போர் தண்ணீர் சேர்ந்தால் கேட்க வேண்டாம். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வாளி ஓரத்தில் படிகிறதே வெள்ளைப் பிசுக்கு, அதே பிசுக்கு தோலிலும் படியும். எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. காவிரித் தண்ணீர் வந்தால் தோல் மாறிவிட்டது என்று மக்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

சோப்பு உறையில் எழுதியிருக்கும் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருள், 76 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மென்மையான சோப்பு என்ற நம்பிக்கை நன்றாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண் சோப்புக் கட்டியில் எவ்வளவு கொழுப்புப் பொருள், எவ்வளவு நிரப்பி என்பதைத்தான் சொல்கிறது. முதல் தரச் சோப்பும் காரச் சோப்புதான். சோதித்துப் பார்க்க விருப்பமிருந்தால், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் பி.எச். காகிதப் புத்தகம் கிடைக்கும். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சோப்பைச் சீவிப்போட்டுக் கரைத்து, காகிதத்தை முக்கிப் பாருங்கள். பச்சை தாண்டி நீலத்துக்குப் போனால் காரம். டவ் மாதிரியான, காரச் சோப்பு அல்லாத சிண்டெட் கட்டிகளும், செராவி, செட்டாஃபில் போன்ற நுரைக்காத கிளென்சர்களும் நடுநிலை அருகே நிற்கும். உடல் முழுக்கச் சோப்பு தினமும் தேவையில்லை. அக்குள், தொடையிடுக்கு, பாதம் போதும். மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். கடலை மாவு, பயத்த மாவு காரம் இல்லாதவைதான், ஆனால் நறநறவென்று தேய்க்கும் தேய்ப்பில் செங்கலே பெயர்ந்துவிடும். மாவை மையாகச் சலித்து, குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவுங்கள். பீர்க்கங்கூட்டை முகத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். கை மட்டும் வெடிப்பவர்கள் பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டியைச் சந்தேகியுங்கள். ஆச்சரியமாக, அடிக்கடி சோப்பு போட்டுக் கை கழுவுவதைவிட சானிடைசர் அரணுக்குக் குறைந்த கெடுதல் செய்கிறது. வெடிப்பில் எரிவதால் அதன் மேல் பழி விழுகிறது.

அரண் உடைந்திருப்பதன் அடையாளம்: கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கும். இதுவரை எரியாத கிரீம் எரியும், சில நாள் வெறும் தண்ணீரே எரியும். மேலே எண்ணெய் வழிந்தாலும் அடியில் செதில் தெரியும். இன்றைக்கு இதற்கு முதல் காரணம் ஒரே வாரத்தில் கிளைகாலிக், சாலிசிலிக், ரெட்டினால், வைட்டமின் சி என்று எல்லாவற்றையும் ஆரம்பிப்பது. இந்த நிலையில் செராவியே எரிந்தால் அலர்ஜி என்று டப்பாவைத் தூக்கிப் போடுமுன், மூன்று நாள் வாஸ்லின் மட்டும் தடவிவிட்டு மறுபடி பார்க்கலாம்.

நான்கு வாரத்துக்கு அமிலமும் ரெட்டினாலும் ஸ்கிரப்பும் ஆவி பிடிப்பதும் நிறுத்தம். காலையில் தண்ணீர் மட்டும், இரவில் நுரைக்காத கிளென்சர் அரை நிமிடம். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. ஈரம் காயுமுன் கால் டீஸ்பூன் கிரீம், பகலில் சன்ஸ்கிரீன். எரிச்சல் முதல் வாரத்தில் அடங்கும், செதில் இரண்டாம் மூன்றாம் வாரத்தில். அடங்கியபின் நிறுத்தியவற்றில் ஒன்றே ஒன்றை, வாரம் இரண்டு இரவு மட்டும், திரும்பத் தொடங்குங்கள். நியாசினமைடு வேண்டுமானால் 2 முதல் 5 சதவீதம் போதும். தோல் சொந்தமாகச் செரமைடு செய்வதைத் தூண்டும் சேர்மானம் அது. 10 சதவீத சீரம் உடைந்த அரணில் எரிச்சலையே கூட்டும். குதிகால் வெடிப்புக்கு யூரியா 10 சதவீதம். ஆழமாகப் பிளந்து ரத்தம் கசிந்தால் ஆறும்வரை வாஸ்லின்தான், யூரியா வைத்தால் உயிர் போகும்.

மஞ்சள் பொருக்கு, நீர்க்கசிவு, தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு வந்தால் எந்த மாய்ஸ்சரைசரும் தீர்வாகாது, தோல் மருத்துவரிடம் போக வேண்டும். சிவப்பழகு கிரீம் என்ற பெயரில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ரெட்டினாய்டு மூன்றும் கலந்த ட்யூபை மாதக்கணக்கில் தடவியவர்கள் தாமாக நிறுத்தினால் முகம் சிவந்து கொதித்து எழும். இவற்றையும் மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் விட வேண்டும். இந்தியாவில் ஸ்டீராய்டு களிம்புகள் 2018இலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. விற்கப்படுகின்றன என்பது ஊரறிந்தது.

செராவி வாங்குவதென்றால் முதலில் சின்ன ட்யூப் வாங்கி, முழங்கை உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை ஏழு நாள் தடவிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் பெரிய டப்பா கிராமுக்கு மலிவு. விலையை எடையால் வகுத்துப் பார்த்தே எடுங்கள். இணையத்தில் போலிகள் திரிகின்றன. இறக்குமதிச் சரக்கில் பதிவு எண்ணும் இந்திய இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும், மூடிக்கடியில் சீல் உடையாமல் இருக்க வேண்டும், டப்பாவிலும் அட்டையிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்க வேண்டும். திறந்த பின் விரலை விடாமல் காய்ந்த ஸ்பூனால் எடுங்கள். ஈரக் கை பட்ட கிரீமில் மேலே நீர் கோத்தாலோ, இல்லாத வாசனை வந்தாலோ, எவ்வளவு மிச்சமிருந்தாலும் முகத்துக்கு ஆகாது.